'இல்லை' சொல்லத் தெரிந்த டி மார்கன்

டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் படிச்ச நம்ம எல்லோருக்கும் டி மார்கன் விதிகள் மனப்பாடம். ஆனா அந்த அகஸ்டஸ் டி மார்கன் பிறந்த ஊர் நம்ம மதுரை என்று படித்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம்!

1806 ஜூன் 27-ல் பிறந்தார். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. பிறந்த கொஞ்ச நாளிலேயே ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. ஏழு மாதக் குழந்தையாக இங்கிலாந்துக்குக் கொண்டு போனார்கள்.

1827-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். மேலே எம்.ஏ. பட்டமும் கல்லூரிப் பதவியும் வேண்டுமானால், திருச்சபைக் கொள்கைகளை ஏற்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். மனசுக்கு ஒப்பாததால் மறுத்துவிட்டார். பட்டமும் போச்சு, பதவியும் போச்சு.

மத உறுதிமொழி கேட்காத கல்லூரி ஒன்று அப்போது லண்டனில் புதிதாகத் தொடங்கியிருந்தது. 1828-ல் அதன் முதல் கணிதப் பேராசிரியர் ஆனார். வயசு 21தான்! சக பேராசிரியர் ஒருவரை நிர்வாகம் நீக்கிய விதம் பிடிக்காமல் 1831-ல் ராஜினாமா செய்தார். 1836-ல் திரும்பி வந்தார். கம்ப்யூட்டர் வரலாற்றில் நாம் படிக்கும் ஏடா லவ்லேஸுக்குக் கடிதம் மூலம் கணிதம் சொல்லிக் கொடுத்தவரும் இவரே. 1847-ல் தர்க்கம் பற்றிய நூலை வெளியிட்டார்.

அவருடைய விதி நம்ம சி லேபில் எங்கே வருகிறது தெரியுமா? 'தொடரலாமா? ஒய்/என்' என்று கேட்கும் புரோகிராமில்தான். வேறு எழுத்தை அடித்தால் மறுபடி கேட்க வேண்டும். நம்மில் பலர் 'பதில் ஒய் இல்லை அல்லது என் இல்லை' என்று நடுவில் || போட்டு வைல் லூப் எழுதுகிறோம். 'ஒய்' அடித்தால் அது 'என்' இல்லை. 'என்' அடித்தால் அது 'ஒய்' இல்லை. எதை அடித்தாலும் ஒரு பாதி உண்மையாகிவிடும். ஆகவே லூப் முடியவே முடியாது! 'ஒய் அல்லது என்' என்பதை மறுக்கும்போது 'அல்லது' என்பது 'மற்றும்' ஆக மாற வேண்டும். || எடுத்துவிட்டு && போட்டால் சரி. இதுதான் டி மார்கன் விதி.

1866-ல் தகுதியான ஒருவருக்கு அவர் சார்ந்த சமயப் பிரிவைக் காரணம் காட்டிக் கல்லூரி பேராசிரியர் பதவி தர மறுத்தது. சமயம் பார்க்காத கல்லூரி என்ற பேச்சு பொய்யாகிப் போனதே என்று மனம் நொந்து, 60 வயதில் மறுபடியும் வேலையை விட்டார். 1871 மார்ச் 18-ல் காலமானார்.

'ஒய்' மட்டும் ஏற்று, 'என்' அடித்தால் வெளியே தள்ளும் கேள்வி கேள்வியே இல்லை என்பது என் எண்ணம். கேம்பிரிட்ஜ் அவரிடம் கேட்டது அப்படிப்பட்ட கேள்விதான். நாளைக்கு வேலையில் நம் முன்னாலும் ஏதாவது காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். படித்துப் பார்த்துப் பதில் சொல்வோம். 'இல்லை' என்பதும் ஒரு பதில்தான்!