சர் வில்லியம் ராம்சே

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உயர்ந்து நிற்பது கல்வராயன் மலை. அதன் பாறைகள் மனித இனம் தோன்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே உருவானவை. இத்தகைய தொன்மையான பாறைகளின் வயதைக் கணிக்க, அவற்றினுள் அடைபட்டுக் கிடக்கும் மிகச் சிறிதளவு வாயுவும் சான்றாகின்றது. மந்த வாயுக்கள் எனப்படும் அவ்வினத்தை உலகிற்கு அறிமுகப்படுத்திய பெருமை சர் வில்லியம் ராம்சேயைச் சாரும்.

ராம்சே 1852ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில் பிறந்தார். 1887இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். அந்நாளில் ராலே பிரபு என்னும் அறிஞரை ஒரு புதிர் வருத்தியது. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், பிற சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனைவிடச் சற்றே கனமாக இருந்தது. வேறுபாடு நூற்றில் ஏறத்தாழ அரைப்பங்கே. அளவையில் நேர்ந்த பிழை என எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய அதனை அவ்விருவரும் ஒதுக்கவில்லை. ராம்சே, சூடேற்றிய மக்னீசியத்தின்மீது காற்றின் நைட்ரஜனைத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். நைட்ரஜன் முழுவதும் நீங்கிய பின்னர், எதனோடும் சேராத வாயு ஒன்று எஞ்சியது. 1894இல் இருவரும் அதனை அறிவித்தனர். சோம்பலுடையது என்னும் பொருள்பட அதற்கு ஆர்கான் எனப் பெயர் அமைந்தது.

தனிம வரிசை அட்டவணையில் அதற்கு இடமில்லை என்று வேதியியலார் சிலர் ஐயுற்றனர். ராம்சே சோர்வுறவில்லை, மேலும் ஆராய்ந்தார். 1868இல் குண்டூர் முதலிய இடங்களில் ஆராயப்பட்ட சூரிய கிரகணத்தின்போது, இன்னதென்று விளங்காத மஞ்சள் நிறக்கோடு ஒன்று சூரிய ஒளியில் காணப்பட்டிருந்தது. அக்கோட்டிற்குரிய ஹீலியத்தை 1895இல் யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து ராம்சே வெளிப்படுத்தினார். 1898இல் டிராவர்சு என்பாருடன் திரவக் காற்றை ஆராய்ந்து கிரிப்டான், நியான், செனான் ஆகியவற்றையும் கண்டார். அட்டவணையில் ஒரு புதிய தொகுதியே தோன்றியது; ஐயமும் அகன்றது.

1900இல் ராம்சே இந்தியாவிற்கு வந்தார். ஜாம்ஷெட்ஜி டாட்டா நிறுவ விரும்பிய அறிவியல் கழகத்திற்குப் பெங்களூரே தக்க இடமெனப் பரிந்துரைத்தார். பின்னர் டிராவர்சே அதன் முதல் இயக்குநரானார். 1903இல் ராம்சேயும் சாடி என்பாரும் ரேடியத்திலிருந்து ஹீலியம் பிறப்பதைக் காட்டினர். இவ்வாறு பாறையில் தேங்கும் ஹீலியத்தின் அளவைக்கொண்டு அதன் வயதைக் கணிக்க ரூதர்போர்டு வழிகண்டார். 1904இல் ராம்சேயை நோபல் பரிசு அடைந்தது.

ராம்சே 1916ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் மறைந்தார். இன்று பழங்காலக் கடல்நீரின் வெப்பநிலையையும், விண்கற்களின் தொன்மையையும் அறிய மந்த வாயுக்கள் துணைபுரிகின்றன. சிறு வேறுபாட்டையும் புறக்கணியாத நேர்மையே இவ்வளவிற்கும் வித்தாயிற்று.