கியூரி அம்மையாரின் காய்ச்சல்

1934-ம் ஆண்டு மே மாதம். பாரிஸ் நகரிலுள்ள ரேடியம் ஆராய்ச்சி நிலையத்தில் வேலையில் ஈடுபட்டிருந்த கியூரி அம்மையார், காய்ச்சலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பிற்பகலிலேயே வீட்டுக்குப் புறப்பட்டார்.

தோட்டத்தைக் கடக்கும்போது, ரோஜாக் கொடி ஒன்று வாடியிருப்பது அவர் கண்ணில் பட்டது. தோட்டக்காரரை அழைத்து, அதை உடனே கவனிக்கும்படி கூறினார். பிறகு காரில் ஏறிச் சென்றார்.

அந்த நிலையத்துக்கு அவர் திரும்பி வரவே இல்லை.

வார்சா நகரத்துப் பெண்

இரண்டு முறை நோபல் பரிசு பெற்ற இந்த மேதை, போலந்து நாட்டின் வார்சா நகரில் 1867-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி பிறந்தார். பத்து வயதில் தாயைக் காச நோய்க்குப் பறிகொடுத்தார்.

அப்பொழுது வார்சா நகரம் ருஷ்ய ஆட்சியில் இருந்தது. அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. அக்காள் பாரிசில் டாக்டருக்குப் படித்தார். தங்கை மேரி பணக்காரர் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, சம்பளத்தில் ஒரு பங்கை அக்காளுக்கு அனுப்பினார். 1891-ம் ஆண்டில்தான் அவர் பாரிசுக்குப் படிக்கப் போக முடிந்தது.

1895-ல் விஞ்ஞானி பியர் கியூரியை மணந்தார். 1898-ல் இருவரும் பொலோனியம், ரேடியம் என்ற இரண்டு மூலகங்களைக் கண்டுபிடித்தார்கள். மழை ஒழுகும் ஒரு கொட்டகையில், டன் கணக்கான தாதுக் கழிவைக் காய்ச்சி வடித்தார்கள். நான்கு ஆண்டு உழைப்புக்குப் பின் கையில் கிடைத்த ரேடியம் உப்பு, ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு!

1903-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1906-ல் கணவர் குதிரை வண்டியில் அடிபட்டு மாண்டார். தனியாக நின்று உழைத்த அம்மையாருக்கு, 1911-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசும் வந்தது.

கண்ணுக்குத் தெரியாத பகை

ரேடியம் இருட்டில் ஒளி வீசும். இரவு வேளைகளில் கொட்டகைக்குப் போய் அந்த ஒளியைக் கண்டு மகிழ்வது தம்பதிகளின் வழக்கம். அது எலும்புக்குள்ளே ஊடுருவிச் சென்று வேலை செய்யும் என்பதை அன்று யாரும் சரியாக அறியவில்லை. அம்மையாரின் விரல் நுனிகள் வெந்து தடித்துப் போயின.

முதல் உலகப்போரில் எக்ஸ்ரே கருவி பொருத்திய கார்களைத் தயார் செய்து, போர்முனைக்கே ஓட்டிச் சென்றார். மகள் ஐரீனும் கூட நின்றாள். காயம்பட்ட சிப்பாய்களின் உடலில் குண்டு எங்கே இருக்கிறது என்று டாக்டர்களுக்குக் காட்டினார்கள். போதிய பாதுகாப்பு இல்லாமலே அந்தக் கதிர்களின் நடுவில் நின்றார்கள்.

பிற்காலத்தில் ஆபத்து தெரிந்தது. தம்மிடம் வேலை செய்பவர்கள் ரேடியத்தைக் கையால் தொடக்கூடாது, ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிற்க வேண்டும், அவ்வப்போது ரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று அம்மையார் கண்டிப்பு செய்தார்.

ஆனால் தம் விஷயத்தில் அந்தக் கண்டிப்பு இல்லை. கண்களில் புரை வளர்ந்தது. காதில் ஓயாத இரைச்சல். ரத்தத்தின் நிலையும் சீராக இல்லை. எதையும் துல்லியமாக அளந்து பார்க்கும் அந்த விஞ்ஞானி, தம் உடல்நிலையை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சளியா? காசமா?

1934-ல் வந்த காய்ச்சலை முதலில் சளிக் காய்ச்சல் என்றார்கள். மார்ச்சளி என்றார்கள். காய்ச்சல் விடவில்லை. பாரிசின் பெரிய டாக்டர்கள் கூடி ஆலோசித்தார்கள். எக்ஸ்ரே படத்தில் நுரையீரலில் பழைய காசத் தழும்பு தெரிந்தது. காச நோய் மறுபடி தலை தூக்கியிருக்கிறது, மலைக்காற்று வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

நடக்கவும் தெம்பில்லாத அம்மையாரை ரெயிலில் ஏற்றி, ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஒரு சானடோரியத்துக்குக் கொண்டு போனார்கள். வழியிலேயே மயங்கி விழுந்தார்.

அங்கே மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலில் புது நோய் எதுவும் இல்லை! அந்தக் கொடிய பிரயாணமே வீண்.

ஜெனீவாவிலிருந்து டாக்டர் ரோக் வந்தார். ரத்தப் பரிசோதனை முடிவுகளை வரிசையாக வைத்து ஒப்பிட்டார். சிவப்பு அணுக்களும் வெள்ளை அணுக்களும் நாளுக்கு நாள் வேகமாகக் குறைந்து வந்தன. உண்மை புலப்பட்டது. ரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையே வேலை செய்யவில்லை.

அப்பொழுது அவருக்கு மிச்சமிருந்தது சில நாட்களே. ஜூலை 4-ந் தேதி விடியற்காலையில் உயிர் பிரிந்தது. வயது 66.

1995-ல் அவருடைய உடல் பாந்தியன் நினைவு மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. அப்போது நடந்த சோதனையில், அவரைக் கொன்றது ரேடியத்தைவிடப் போர்க்கால எக்ஸ்ரே கதிர்களாகவே இருக்கக்கூடும் என்று நிபுணர்கள் கருதினார்கள்.

மகளையும் விடவில்லை

தாயுடன் போர்முனையில் நின்ற ஐரீன், 1935-ல் கணவருடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். 1956-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி, 58-வது வயதில், லூகேமியா எனப்படும் ரத்தப் புற்றுநோய் அவரைக் கொண்டு போயிற்று.

தாய்க்கு வந்தது வேறு, மகளுக்கு வந்தது வேறு. தாயின் மஜ்ஜை வற்றிப் போயிற்று. லூகேமியாவிலோ, முதிராத வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. ஆனால் இரண்டு நோய்களும் வெளியே காட்டும் முகம் ஏறக்குறைய ஒன்றுதான்.

விடாத காய்ச்சல், காரணமில்லாத சோர்வு, முகம் வெளுத்தல், அடிபடாமலே தோலில் கன்றிய நீலத் திட்டுகள், ஈறிலும் மூக்கிலும் ரத்தக் கசிவு, அடிக்கடி தொற்று நோய். லூகேமியாவானால் எலும்பு வலியும், கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டுவதும் சேர்ந்து வரலாம்.

இவை தோன்றினாலே ரத்தப் புற்றுநோய் என்று நடுங்க வேண்டியதில்லை. பெரும்பாலும் சாதாரண நோயாகவே இருக்கும். ஆனால் இரண்டு வாரமாகியும் தணியாவிட்டால், கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. ரத்தம் நிற்காமல் கசிந்தால் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. டாக்டரிடம் சென்று ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதில் சந்தேகம் எழுந்தால், மஜ்ஜையைச் சோதித்து நோயை உறுதி செய்வார்கள்.

1934-ல் நோயை முன்னதாகக் கண்டுபிடித்திருந்தாலும் கியூரி அம்மையாரைக் காப்பாற்ற மருந்து இருக்கவில்லை. அந்த மலைப் பிரயாணத்தின் வேதனை ஒன்றுதான் மிஞ்சியிருக்காது. இன்று அப்படியில்லை. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் லூகேமியாவில், காலத்தோடு முறையான சிகிச்சை பெறுகிறவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சிகிச்சைக்கு வழி திறப்பது, ஊசி முனையில் எடுக்கும் சிறிது ரத்தம்.