நிலக்கரியில் இருந்து பெட்ரோல்: யார் இந்த பெர்கியஸ்?

கோபாலபுரத்துல வண்டிக்கு பெட்ரோல் போடுறவங்க யாரும் அது நிலக்கரியில் இருந்தும் வரும்னு யோசிச்சிருக்க மாட்டாங்க. வரும் என்று காட்டியவர் ஜெர்மன் வேதியியலாளர் பிரீட்ரிக் பெர்கியஸ்.

1884-ல், இன்றைய போலந்தில் உள்ள பிரெஸ்லாவ் நகரம் அருகே பிறந்தார். அப்பா ரசாயன ஆலை நடத்தியவர். அதனால் ஆலை வேலை சின்ன வயசிலேயே பழக்கம்.

நிலக்கரியில் கார்பன் நிறைய, ஹைட்ரஜன் கம்மி. பெட்ரோலில் ஹைட்ரஜன் அதிகம். அப்படின்னா ஹைட்ரஜனை உள்ளே ஏத்திட்டா போதுமே? நிலக்கரித் தூளை எண்ணெயில் குழைத்து, சுமார் 200 மடங்கு காற்றழுத்தத்தில், 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி அதைத்தான் செய்தார். 1913-ல் காப்புரிமை கேட்டார்.

அடுத்த வருஷமே உலகப் போர். 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகளைக் கொளுத்தியது. அந்த எம்டனே நிலக்கரியில் ஓடிய கப்பல்தான்! சொந்தமா பெரிய எண்ணெய் வளம் இல்லாத ஜெர்மனிக்கு பெர்கியஸின் வழி எவ்வளவு முக்கியம்னு சொல்லத் தேவையில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. நிலக்கரியில் உள்ள கந்தகம், வினையை வேகப்படுத்தும் வினையூக்கிகளைக் கெடுத்துவிடும் என்று அவர் நினைத்தார். கந்தகத்தைப் பிடித்து வைக்கத்தான் இரும்பு ஆக்சைடு சேர்த்தார். ஆனால் அந்த இரும்பே வினையூக்கியாக வேலை பார்த்தது. நிலக்கரியோடு மண்ணுக்கடியிலேயே கலந்து கிடக்கும் பைரைட் கனிமமும் அப்படித்தான். இரும்பும் கந்தகமும் சேர்ந்த இது, சூட்டில் கொஞ்சம் கந்தகத்தை இழந்து பைரோடைட்டாக மாறும். உடையும் நிலக்கரி மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் சேர அது உதவுது. அடுப்புக்கு ஆகாத அழுக்கு, இங்கே இலவச உதவியாளர்.

சோதனைகளுக்குப் பணம் கரைந்தது. 1925-ல் உரிமையை பிஏஎஸ்எஃப் நிறுவனத்திடம் விற்றார். அங்கே மத்தியாஸ் பியர், கந்தகத்துக்கு அசராத வினையூக்கிகளை உருவாக்கினார். 1927-ல் லாய்னா ஆலையில் உற்பத்தி தொடங்கியது. அங்கே பயன்பட்டது, நம்ம நெய்வேலியில் வெட்டுற அதே பழுப்பு நிலக்கரி வகை.

1931-ல் கார்ல் போஷுடன் பெர்கியஸுக்கு நோபல் பரிசு. இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் போர் விமானங்கள் பெரும்பாலும் பறந்தது இந்த எரிபொருளில்தான். 1944 மே மாதம் நேச நாடுகள் அந்த ஆலைகளைக் குறிவைத்து குண்டு வீசின.

பெர்கியஸ் அதற்கு முன்பே மரத்தில் இருந்து சர்க்கரை எடுக்கும் ஆராய்ச்சிக்குப் போயிருந்தார். போருக்குப் பின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய அவர், 1949-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் ஐரஸில் இறந்தார்.