சிறையுள் விளைந்த மெய்யறம்

வ. உ. சிதம்பரம் பிள்ளை என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழ் மக்களின் மனக்கண்முன் இரண்டு காட்சிகள் தோன்றுவது இயல்பு. தூத்துக்குடிக் கடலில் சுதேசிக் கப்பல் மிதந்து செல்வது ஒன்று. கோயம்புத்தூர்ச் சிறையில் அப்பெருமகனார் செக்கிழுப்பது மற்றொன்று. முன்னது நெஞ்சை நிமிரச் செய்யும். பின்னது கண்ணீரை வரவழைக்கும். 1961ஆம் ஆண்டில் வெளிவந்த கப்பலோட்டிய தமிழன் என்னும் திரைப்படம் இவ்விரு காட்சிகளையும் தமிழர் வாழும் இடந்தோறும் கொண்டு சேர்த்தது. ஆயினும் அவர்தம் வாழ்வில் மூன்றாவது காட்சி ஒன்றும் உண்டு. சிறை மதில்களுக்கு உள்ளே, குற்றம் புரிந்து தண்டனை பெற்ற கைதிகளுக்கு அறம் உரைக்கும் ஆசிரியராக அவர் விளங்கியதே அக்காட்சி. பலரும் அறியாத அப்பகுதியையே இவ்வாண்டு மலரில் நாம் நினைவுகூர விழைகின்றோம்.

திருநெல்வேலிச் சீமையில் ஒட்டப்பிடாரம் என்னும் ஊரில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் சிதம்பரனார் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை, புகழ் வாய்ந்த வழக்கறிஞர். அன்னையார் பரமாயி அம்மையார். தந்தையாரின் தொழிலையே மைந்தரும் மேற்கொண்டார். ஏழை எளியவர்க்காகக் கூலி கருதாது வாதாடியவர் என்னும் நற்பெயர் இளமையிலேயே அவருக்கு வாய்த்தது. 1900ஆம் ஆண்டில் அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். கடல் வாணிகம் முழுவதும் அயலார் கையில் இருந்த நிலையை ஆங்கே அவர் நேரிற் கண்டார்.

1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சுதேசிக் கப்பற் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மூலதனம் 10 லட்சம் ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய வள்ளல் பாண்டித்துரைத் தேவரே இக்கம்பெனிக்குத் தலைவராக அமர்ந்தார் என்பது, தமிழ்ச் சங்கம் என்னும் பெயரைத் தாங்கி நிற்கும் நம்மனோர்க்கு இனிய செய்தியாகும். கப்பல் தேடிச் சிதம்பரனார் பம்பாய்க்குச் சென்றார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடத் தொடங்கின. எதிர்த் தரப்பாராகிய ஆங்கிலக் கம்பெனியார் கட்டணத்தைப் பெரிதும் குறைத்தனர். போட்டி மூண்டது.

1908ஆம் ஆண்டில் தூத்துக்குடிக் கோரல் பஞ்சாலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் வங்கத் தலைவர் விபின் சந்திர பாலர் சிறையினின்றும் விடுதலை பெற்றார். அந்நாளைக் கொண்டாட முனைந்தமையே சிதம்பரனாரைச் சிறைக்கு இட்டுச் சென்றது. ஒருவர் சிறைக்கதவு திறந்தமைக்கு மகிழ்ந்தவர்மீது மற்றொரு சிறைக்கதவு மூடிற்று. மார்ச்சு 12ஆம் நாள் அவர் கைது செய்யப்பெற்றார். மறுநாள் திருநெல்வேலியில் பெருங்கலகம் விளைந்தது. சூலைத் திங்கள் 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே ஆயுள் முழுவதும் நாடு கடத்தும் தண்டனையை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பெற்றதாயினும், அன்று முப்பத்தைந்து வயதினராயிருந்த சிதம்பரனார் நாற்பது வயதைக் கடந்த பின்னரே வெளியுலகைக் காண முடிந்தது.

கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் பட்ட பாட்டை நாடு அறியும். காலில் விலங்கு, கையில் சணல் கிழிக்கும் இயந்திரம். எழுதுகோல் பிடித்துப் பழகிய கையின் தோல் உரிந்து குருதி கசிந்தது. பின்னர்ச் செக்கிழுக்கும் வேலை. மாடு இழுக்க வேண்டிய செக்கை வெயிலில் மனிதர் இழுத்தார். அச்செக்கு இன்று சென்னை கிண்டியிலுள்ள காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பெற்றிருக்கின்றது. அதனைக் கண்டோர் ஒரு கணமேனும் வாய் பேசாது நிற்பர்.

உடல் பட்ட துயரினும் உள்ளம் பட்ட துயர் பெரிது. தமையனாருக்கு விதித்த தண்டனையைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் மனம் பேதலித்துப் போனார். மனைவியார் மீனாட்சி அம்மையார் கணவரின் விடுதலை வேண்டி அரசினர்க்கு விண்ணப்பித்தவண்ணம் இருந்தார். 1910ஆம் ஆண்டு இறுதியில் சிதம்பரனார் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பெற்றார். அவர் ஆங்கிருக்கையில், 1911ஆம் ஆண்டில், கம்பெனி கலைக்கப்பெற்றது. அவர் உயிரினும் மேலாகப் போற்றிய கப்பல்களுள் ஒன்று போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பெற்றது. பொருள் போயிற்று, தொழில் போயிற்று, வழக்கறிஞர் சன்னதும் போயிற்று. இந்நிலையில் ஒருவர் மனமுடைந்து மடிதல் கூடும். அன்றி உலகத்தையே வெறுத்து வன்னெஞ்சராதலும் கூடும். சிதம்பரனார் இவ்விரண்டினையும் மேற்கொண்டாரல்லர்.

சிறையில் கிடைத்த ஓய்வு நேரத்தை அவர் கல்வியாக்கினார். தொல்காப்பியத்தை உரைகளோடு ஆழ்ந்து கற்றார். திருக்குறளைத் தம் வாழ்வின் கைவிளக்காகக் கொண்டார். ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில அறிஞர் இயற்றிய சிறு நூல்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. புறத்தே நிகழும் வாழ்வுக்கு அகத்தே எழும் எண்ணமே வித்தாகும் என்பது அந்நூல்களின் சாரம். மனம்போல வாழ்வு, அகமே புறம் என்னும் பெயர்களால் அவற்றை அவர் தமிழில் ஆக்கினார். ஆங்கில ஆட்சியை எதிர்த்தமைக்காக விலங்கு பூண்டவர், ஆங்கிலேயர் ஒருவரின் அறநூலைத் தமிழர்க்கு வழங்கினார். ஆட்சியின் மீது கொண்ட பகை அறிவின் மீது செல்லாதவாறு காத்துக்கொண்ட செம்மையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவர் கற்றது தமக்காக மட்டுமன்று. கண்ணனூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகளுக்கு அவர் நன்னெறிகளை எடுத்துரைத்து வந்தார். அவர்தம் வேண்டுகோளுக்கு இணங்க அக்கருத்துகளை வெண்பாக்களாக யாத்தார். அதுவே மெய்யறிவு என்னும் நூல். தன்னை அறிதல், உடம்பைப் பேணுதல், மனத்தை ஆளுதல் முதலிய பொருள்கள் அதன்கண் பேசப்படுகின்றன. மெய்யறம் என்னும் மற்றொரு நூலும் சிறைவாழ்வின் விளைவே. 125 அதிகாரங்கள், அதிகாரத்துக்குப் பத்து வரி. மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என ஐந்து பகுதிகளாக அது விரிகின்றது. மாணவனிடத்துத் தொடங்கி மெய்யுணர்வில் முடியும் அம்முறை, மனித வாழ்வை அடியிலிருந்து மீண்டும் ஒருமுறை கட்டியெழுப்ப முயன்ற ஒருவரின் மனப்போக்கை நமக்குக் காட்டுகின்றது.

இங்கு நாம் சற்றே நின்று சிந்தித்தல் தகும். நாட்டுக்காகச் சிறை புகுந்தவர் அவர். களவும் கொள்ளையும் செய்து சிறை புகுந்தோரைத் தம்மினும் தாழ்ந்தோராகக் கருதி ஒதுங்கியிருப்பினும் எவரும் அவரைக் குறை கூறியிரார். அவரோ அவர்களைத் தம் மாணாக்கராக ஏற்றார். தவறிய மனிதனும் தன்னை அறிந்து மனத்தை ஆளக் கற்றால் மீண்டும் மனிதனாக வாழலாம் என்னும் நம்பிக்கை அவருக்கு இருந்தது. அந்நம்பிக்கை இல்லாதார் கைதிகளுக்கென வெண்பா இயற்ற முற்படுவரோ? நீதிமன்றம் அவர்களுக்குத் தண்டனை அளித்தது; சிதம்பரனார் அவர்களுக்கு மறுவாழ்வின் வாயிலைக் காட்டினார்.

1912ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் விடுதலை பெற்றார். சிறைவாயிலில் காத்திருந்தோர் மிகச் சிலரே. சிறைவாழ்வில் தொழுநோய்க்கு ஆளாகிய சுப்பிரமணிய சிவா அவருள் ஒருவர். ஒரு காலத்தில் அவர் பெயரைச் சொல்லி ஆயிரக்கணக்கில் திரண்ட மக்கள் அன்று ஆங்கில்லை. சென்னையில் குடியேறிய அவர் அரிசிக்கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார். கப்பல் வாங்கப் பம்பாய் சென்றவர் படி அரிசி அளந்து குடும்பத்தைப் புரந்தார். வணிகமும் அவருக்குக் கை கொடுக்கவில்லை.

அக்காலை அவரை மறவாதிருந்தோர் கடல் கடந்து வாழ்ந்த இந்தியர். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தோர், அவருள்ளும் சிறப்பாகத் தமிழர், அவர் பொருட்டுத் திரட்டிய நிதி காந்தியடிகளின் வாயிலாக வர வேண்டியிருந்தது. அதுபற்றி அடிகளுக்கும் சிதம்பரனாருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தது. இறுதியில் 1916ஆம் ஆண்டில் 347 ரூபாய் 12 அணா அவரை வந்தடைந்தது. தொகை சிறிது, வறுமையில் வந்தமையால் அதன் பயன் பெரிது. பிறந்த மண்ணில் பலர் மறந்தபோது, பிழைப்பு நாடிச் சென்றோர் மறவாதிருந்தனர்.

வறுமையிலும் சிறையில் தொடங்கிய கல்வி நிற்கவில்லை. மெய்யறம் 1914ஆம் ஆண்டில் அச்சாயிற்று. அகமே புறமும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. 1917ஆம் ஆண்டில் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் வகுத்த உரையையும் அச்சேற்றினார். அதன் பொருளதிகாரப் பதிப்பில் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை அவருக்குத் துணை நின்றார். நண்பர் பரலி சு. நெல்லையப்பரின் வேண்டுகோளுக்கு இணங்கித் தம் வரலாற்றைச் செய்யுளாகவே பாடி வைத்தார். அது அவர் மறைவுக்குப் பின், 1946ஆம் ஆண்டில் நூலுருப் பெற்றது. சிறை அவரிடமிருந்து வழக்கறிஞரையும் வணிகரையும் பறித்தது. தமிழறிஞரை ஆக்கித் தந்தது.

தண்டனை பெற்றவர் என்னும் காரணத்தால் அவர் வழக்கறிஞர் தொழில் செய்தல் இயலாதிருந்தது. 1920களில் நீதிபதி வாலேஸ் என்னும் ஆங்கிலேயர் அச்சன்னதை அவருக்கு மீட்டளிக்கச் செய்தார். சிதம்பரனார் கோவில்பட்டியில் மீண்டும் கறுப்பங்கி அணிந்து நீதிமன்றம் ஏறினார். அந்நன்றியை அவர் வாய்ச்சொல்லால் மட்டும் தெரிவித்தாரல்லர். தம் மைந்தர் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயர் சூட்டினார். ஆங்கிலேயர் ஆட்சியால் அனைத்தையும் இழந்தவரின் இல்லத்தில் ஆங்கிலேயர் ஒருவரின் பெயர் நாள்தோறும் அன்போடு அழைக்கப்பெற்றது. நாட்டுப்பற்றில் அவர் தளர்ந்தாரோ எனின், இல்லை. 1927ஆம் ஆண்டில் சேலத்தில் நடைபெற்ற அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பகைமை வேறு, நன்றி வேறு என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். சிறையில் தாம் கற்பித்த மனத்தை ஆளுதல் என்னும் பாடத்தைத் தாமே வாழ்ந்து காட்டினார்.

1932ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கே திரும்பினார். 1936ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள் அவர் ஆவி பிரிந்தது. இறுதிவரை வறுமை அவரை விட்டு நீங்கவில்லை. இன்று அவர் பிறந்த நூறாம் ஆண்டில் வெளியிட்ட அஞ்சல் தலை உண்டு; தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் உண்டு; ஊர்தோறும் சிலைகள் உண்டு. வாழ்ந்த நாளில் அவருக்கு வேண்டியிருந்தவை இவையல்ல. அரிசிக்கடைக்கு வாடிக்கையாளர் சிலர் வேண்டியிருந்தனர். இழந்த தொழில் மீண்டும் வேண்டியிருந்தது.

ஆதலின் அன்பர்களே, அவர்தம் படத்துக்கு மாலை சூட்டும்போது ஒரு வினாவையும் நாம் நம்மிடமே எழுப்பிக்கொள்ளுதல் நன்று. 1912ஆம் ஆண்டில் கண்ணனூர்ச் சிறைவாயிலில் நாம் நின்றிருப்போமா? இவ்வினாவுக்கு விடை காண அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் காலனியில், நம் உறவில், நாம் பணியாற்றும் இடத்தில், ஒருமுறை தவறி வீழ்ந்து மீண்டும் எழ முயலும் ஒருவர் இருத்தல் கூடும். அவர் வேலை கேட்டு வரும்போது நாம் அவருடைய பழைய கதையைப் புரட்டுகின்றோமா, புதிய முயற்சியைக் காண்கின்றோமா? தேர்வில் தோற்ற பிள்ளையை மீண்டும் படிக்கத் தூண்டுகின்றோமா, அன்றி ஊரார் முன் தலைகுனியச் செய்கின்றோமா?

கைதிகளையும் மாணாக்கராகக் கண்டவர் சிதம்பரனார். ஊரை விட்டு வந்து வேற்று மொழி பேசுவோரிடையே வாழத் தொடங்கிய நாளில், நமக்கும் யாரோ ஒருவர் ஒரு வேலையோ, ஓர் அறையோ, ஒரு வேளை உணவோ அளித்து வாழ வழி காட்டியிருப்பர். பெற்றதைப் பிறர்க்கு அளித்தல் நம் கடன். மெய்யறம் என்பது அதுவே.