புள்ளியும் சாய்வும் தந்த காஸ்பார் மோஞ்ச்

பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் பாடம் தொடங்கியதும் நம்மில் பலருக்கு வரைபடத்தாளைக் கண்டாலே ஒரு கலக்கம். அச்சுகள் இரண்டையும் வரைந்து, அளவுத்திட்டம் எழுதி, புள்ளிகளைக் குறித்து, அளவுகோல் நழுவாமல் கோட்டை வரைந்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அப்பாடத்தில் வரும் சூத்திரங்களுள் ஒன்று, ஒரு புள்ளியும் சாய்வும் தெரிந்தால் நேர்க்கோட்டின் சமன்பாட்டை எழுதும் முறை. அதை மனப்பாடம் செய்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். அதை முதலில் எழுதியவர் யார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. கேட்டால், ஊர் ஊராகச் சென்று சாணை பிடித்து, சில்லறைப் பொருள்கள் விற்றுப் பிழைத்த ஓர் ஏழையின் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேருவோம்.

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் போன் என்றொரு சிறு நகரம் உண்டு. அங்கே 1746-ஆம் ஆண்டு மே மாதம் காஸ்பார் மோஞ்ச் பிறந்தார். தந்தை ஜாக் மோஞ்ச் படிப்பின் அருமையை அறிந்தவர். வருவாய் குறைவாயிருந்தும் தம் மைந்தர் மூவரையும் படிக்க வைத்தார். காஸ்பார் தம் ஊரில் ஒரட்டோரியன் சபைக் குருக்கள் நடத்திய கல்லூரியில் பயின்றார். மாணவனின் கூரிய அறிவைக் கண்ட குருக்கள், லியோன் நகரிலிருந்த தங்கள் கல்லூரிக்கு அவரை அனுப்பினர். இளம் வயதிலேயே அங்கு இயற்பியல் கற்பிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. நம்முடைய வயதில் அவர் ஆசிரியராகிவிட்டார் என்று எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

விடுமுறையில் ஊருக்கு வந்த இளைஞர், தாமே செய்த கருவிகளைக் கொண்டு தெருத்தெருவாக அளந்து போன் நகரின் வரைபடம் ஒன்றைத் தயாரித்தார். அதைக் கண்ட படைப் பொறியாளர் ஒருவர், மெசியேர் நகரிலிருந்த புகழ்பெற்ற படைப் பொறியியல் பள்ளிக்கு அவரைப் பரிந்துரைத்தார். மோஞ்ச் மகிழ்ச்சியோடு சென்றார். ஆனால் அங்கே ஒரு கதவு அவருக்கு மூடியிருந்தது. அதிகாரியாகப் பயிற்சி பெறும் மாணவர் உயர்குடியில் பிறந்தவராக இருக்க வேண்டும். சாணை பிடிப்பவரின் மகனுக்கு அவ்வகுப்பில் இடமில்லை. படம் வரைவதும், சுண்ணச்சாந்தில் மாதிரிகள் செய்வதுமான துணைப் பிரிவில்தான் அவரைச் சேர்த்தனர். திறமையால் உயர்ந்து பிறப்பால் தடுக்கப்படும் வேதனை எப்படிப்பட்டது என்பதை நம் நாட்டவராகிய நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவர் முறையிட்டுக்கொண்டு காலம் கழிக்கவில்லை, காத்திருந்தார். ஒருநாள் கோட்டை அமைப்பு பற்றிய கணக்கு ஒன்று அவரிடம் வந்தது. பகைவரின் பீரங்கிக் குண்டு கோட்டையின் எப்பகுதியிலும் நேரே பாயாதபடி சுவர்களின் உயரத்தையும் இடத்தையும் முடிவு செய்ய வேண்டும். அக்காலத்தில் இதற்கு நீண்ட எண் கணக்குகள் தேவைப்பட்டன. மோஞ்ச் வடிவியல் முறையில் விரைவாக விடை கண்டு கொண்டுபோய்க் கொடுத்தார். இவ்வளவு விரைவில் கணக்கைச் செய்திருக்க இயலாது என்று கூறி, மேலதிகாரி அதைப் பார்க்கவே மறுத்தார். மோஞ்ச் விடவில்லை. இறுதியில் சரிபார்த்தபோது விடை முற்றிலும் சரியாக இருந்தது. அன்றுமுதல் அவருடைய நிலை மாறியது. 1769-ஆம் ஆண்டில், தம் இருபத்து மூன்று வயது நிறையுமுன்பே, அதே பள்ளியில் கணிதம் கற்பிக்கும் இடத்தில் அமர்ந்தார். அடுத்த ஆண்டு இயற்பியலும் அவர் பொறுப்பில் வந்தது. எந்த உயர்குடி மாணவரோடு சேர்ந்து அமரக் கூடாது என்றார்களோ, அவர்களுக்கே ஆசிரியரானார்!

அவர் கண்ட முறை, நீளம், அகலம், உயரம் மூன்றும் உடைய ஒரு பொருளை மேலிருந்தும் முன்னிருந்தும் பார்த்தாற்போல் இரு படங்களாகத் தாளில் வரைந்து, அவற்றைக் கொண்டே உண்மை அளவுகளை அறிவது. இன்று பொறியியல் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் வரையப்படும் படங்களுக்கு அதுவே அடிப்படை. ஆனால் பகைவர் கைக்குப் போய்விடும் என்றஞ்சி, படைத்துறையினர் அதை இரகசியமாகவே வைத்திருந்தனர். 1795-ல்தான் மோஞ்ச் அதைப் பாரிஸில் வெளிப்படையாகக் கற்பிக்க முடிந்தது.

இனி நம் சூத்திரத்திற்கு வருவோம். 1637-ஆம் ஆண்டு தேக்கார்த் என்ற பிரெஞ்சு அறிஞர் இயற்கணிதத்தையும் வடிவியலையும் இணைத்து ஒரு நூல் எழுதினார். அவர் காலத்தவரான பெர்மா என்பவரும் அதே வழியில் சிந்தித்து, முதற்படிச் சமன்பாடு நேர்க்கோட்டைக் குறிக்கும் என்று கண்டார். எனினும் அறிஞர்களின் கவனமெல்லாம் வளைகோடுகளின்மீதே இருந்தது. நேர்க்கோடு எளிய பொருள். அதற்கென்று தனியே சூத்திரம் எதற்கு என்று இருந்துவிட்டனர் போலும். 1780-களில் அச்சான மோஞ்சின் ஆய்வுக் கட்டுரை ஒன்றில்தான், ஒரு புள்ளியின் வழியே குறித்த சாய்வில் செல்லும் கோட்டின் சமன்பாடு இன்றைய வடிவில் முதன்முதலாகத் தெளிவாகக் காணப்படுகிறது என்று கணித வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அவருடைய மாணவர் லக்ருவா எழுதிய பாடநூல்கள் வழியாக அது பள்ளிகளுக்குப் பரவியது.

அதன் பொருளை ஒரு கணக்கால் பார்ப்போம். ஒரு கோடு (2, 3) என்ற புள்ளியின் வழியே செல்கிறது. அதன் சாய்வு 2. சாய்வு என்பது பக்கவாட்டில் ஓர் அலகு நகரும்போது கோடு எத்தனை அலகு ஏறுகிறது என்பதே. கோட்டின்மீது வேறு எந்தப் புள்ளியை எடுத்தாலும், முதற்புள்ளியிலிருந்து அது ஏறிய அளவு, நகர்ந்த அளவைப்போல் இருமடங்காக இருக்க வேண்டும். ஏறிய அளவு ஒய் − 3. நகர்ந்த அளவு எக்ஸ் − 2. ஆகவே சமன்பாடு: ஒய் − 3 = 2(எக்ஸ் − 2). இதில் மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது? சாய்வின் பொருளையே எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான்.

வரைவதும் எளிதே. முதலில் (2, 3) என்ற புள்ளியைக் குறிக்கிறோம். அங்கிருந்து வலப்பக்கம் 1, மேலே 2 சென்றால் (3, 5). மீண்டும் அவ்வாறே சென்றால் (4, 7). மூன்றையும் இணைத்தால் கோடு கிடைத்துவிடும். சரிபார்க்க, எக்ஸின் மதிப்பை 4 என்று பிரதியிட்டால் ஒய் 7 என்றே வரும். சாய்வு குறை எண்ணாயின் மேலே செல்வதற்குப் பதில் கீழே இறங்க வேண்டும். சாய்வு 1/2 ஆயின் வலப்பக்கம் 2, மேலே 1.

இரண்டு புள்ளிகள் மட்டும் தரப்பட்டால்? (1, 4), (3, 10) என்ற புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். ஏற்றம் 6, நகர்வு 2. ஆகவே சாய்வு 3. முதற்புள்ளியைக் கொண்டால் ஒய் − 4 = 3(எக்ஸ் − 1). இரண்டாவதைக் கொண்டால் ஒய் − 10 = 3(எக்ஸ் − 3). பார்வைக்கு இரண்டும் வேறாகத் தோன்றும். விரித்து எழுதினால் இரண்டுமே ஒய் = 3எக்ஸ் + 1 என்றாகிவிடும். எந்தப் புள்ளியில் நின்று தொடங்கினாலும் கோடு ஒன்றே. செங்குத்தான கோட்டுக்கு மட்டும் இம்முறை பயன்படாது. அது பக்கவாட்டில் நகர்வதே இல்லை. எனவே அதற்குச் சாய்வு என்று ஓர் எண் சொல்ல முடியாது.

சூத்திரம் தந்தவரின் குணத்தையும் நாம் அறிய வேண்டும். கணவரை இழந்த இளம்பெண் ஒருவரைப் பற்றி, அவர் தம்மை மணக்க மறுத்தார் என்பதற்காக ஒருவன் விருந்தொன்றில் இழிவாகப் பேசினான். அப்பெண்ணை மோஞ்ச் கண்டதுகூட இல்லை. ஆயினும் பொறுக்க முடியாமல் எழுந்து அவனைத் தட்டிக் கேட்டார். பின்னர் நண்பர் வீட்டில் அப்பெண்ணைச் சந்தித்து, 1777-ல் அவரையே மணந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். கத்தரீன் என்ற அந்த அம்மையார் இறுதிவரை அவருக்குத் துணையாக இருந்தார்.

1783-ல் மோஞ்ச் கடற்படை மாணவர்களின் தேர்வாளராக நியமிக்கப்பட்டார். அவருக்குமுன் அப்பதவியிலிருந்த பெசூ என்பவர் எழுதிய பாடநூல்களே அப்போது வழக்கிலிருந்தன. அவற்றுக்குப் பதிலாகப் புதிய நூல்களை எழுதும்படி அமைச்சர் மோஞ்சைக் கேட்டுக்கொண்டார். பணமும் புகழும் தேடி வந்த நேரம் அது. மோஞ்ச் மறுத்துவிட்டார். பெசூ இறந்துவிட்டார், அவர் மனைவிக்கு அந்நூல்களின் விற்பனையைத் தவிர வேறு வருவாய் இல்லை, அவருடைய வாழ்வைப் பறிக்க மாட்டேன் என்பதே அவர் சொன்ன காரணம். அமைச்சர் வற்புறுத்தியும் அவர் எழுதிய பாடநூல் நிலையியல் பற்றிய ஒன்றே. அவருடைய கண்டுபிடிப்புகளைவிட இந்த ஒரு மறுப்பு நம் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்ற குரல், மெசியேரில் கதவடைக்கப்பட்டவரின் நெஞ்சைத் தொட்டதில் வியப்பில்லை. 1792-ல் அவர் கடற்படை அமைச்சரானார். இங்கே நாம் ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். திருச்சபையைத் துன்புறுத்திய அரசில் அவர் பங்கு கொண்டார். 1798-ல் உரோமையில் பிரெஞ்சுப் படையின் ஆதரவோடு குடியரசு அமைக்கப்பட்டபோது, அப்பணிக்காக அனுப்பப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். பாப்பரசர் ஆறாம் பத்திநாதர் உரோமையிலிருந்து அகற்றப்பட்டு, அடுத்த ஆண்டு பிரான்சில் சிறைக் கைதியாகவே இறந்தார். தமக்கு எழுத்தறிவித்த குருக்களின் திருச்சபைக்கு எதிர் அணியில் மோஞ்ச் நின்றது நமக்கு வருத்தம் தருகிறது. மனிதரின் வாழ்க்கை நேர்க்கோடு அன்று. ஓரிடத்துச் சாய்வைக் கொண்டு முழுவதையும் தீர்ப்பிடும் உரிமை இறைவன் ஒருவருக்கே உண்டு. நல்லதை நல்லதென்று ஏற்பதும், தவற்றைத் தவறென்று சொல்வதும் நம் கடமை.

1794-ல் பாரிஸில் எகோல் பாலிடெக்னிக் என்ற உயர்கல்விக்கூடம் தோன்ற முன்னின்றவர்களுள் மோஞ்ச் முக்கியமானவர். குலம் பார்க்காமல் தேர்வின் மூலம் மாணவரைச் சேர்த்த கல்விக்கூடம் அது. தமக்கு மறுக்கப்பட்டதைப் பிறருக்கு அளித்து அவர் மகிழ்ந்தார். ஆயினும் அக்கதவு பெண்களுக்குத் திறக்கவில்லை. அப்போது பதினெட்டு வயதான சோபி ஜெர்மேன் என்ற பெண், அங்கு நடந்த பாடங்களின் குறிப்புகளை வரவழைத்து வீட்டிலிருந்தே பயின்றார். லெப்லான் என்ற ஆண் பெயரில் தம் கட்டுரையை அனுப்பினார். 1816-ல் பாரிஸ் அகாதமியின் பரிசு அவருக்கே கிடைத்தது. அக்கல்விக்கூடத்தில் பெண்கள் மாணவியராகச் சேர 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கணக்கு வகுப்பில் இன்று உரிமையோடு அமர்ந்திருக்கும் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நெப்போலியனுடன் 1798-ல் மோஞ்ச் எகிப்து சென்றார். பாலைவனத்தில் தாகத்தால் வாடிய வீரர்கள் தொலைவில் நீர்நிலை கண்டு ஓடி ஏமாந்தபோது, சூடேறிய தரையை ஒட்டிய காற்றில் ஒளி வளைவதால் கானல் நீர் தோன்றுகிறது என்று அவர் விளக்கினார். பின்னர் பிரபுப் பட்டமும் பெற்றார். நெப்போலியன் வீழ்ந்ததும் எல்லாம் மாறின. 1816-ல் அகாதமியிலிருந்து அவருடைய பெயர் நீக்கப்பட்டது. மனமுடைந்த நிலையில் 1818-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் கலந்துகொள்ளப் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அரசு அனுமதி தரவில்லை. மாணவர்கள் கட்டளைக்குப் பணிந்தனர். ஆனால் அடுத்து வெளியே செல்ல அனுமதி கிடைத்த நாளில் ஒன்றாகத் திரண்டு கல்லறைக்குச் சென்று மலர்வளையம் வைத்தனர். நாடு அவரைப் போற்ற நெடுங்காலம் ஆயிற்று. 1989-ல் அவருடைய எச்சங்கள் பாரிஸில் பெரியோர் துயிலும் பாந்தியோன் மண்டபத்திற்கு மாற்றப்பட்டன. மாணவர்களோ சில நாள்கள்கூடத் தாமதிக்கவில்லை.

தோழியரே, தொடங்கும் புள்ளி எது என்று நம்மை யாரும் கேட்பதில்லை. சிலர் மாளிகையில் பிறக்கிறோம். சிலர் குடிசையில் பிறக்கிறோம். அந்தப் புள்ளியிலிருந்து எத்திசையில் அடியெடுத்து வைப்பது என்பது நம் முயற்சியையும் இறைவனின் அருளையும் பொறுத்தது. சாணை பிடிப்பவரின் மகன் ஏறினார். ஏறியபோதும் ஒரு கைம்பெண்ணின் உணவைத் தட்டிப் பறிக்க மறுத்தார். அடுத்த முறை வரைபடத்தாளை விரித்து முதற்புள்ளியைக் குறிக்கும்போது, அவரை ஒரு நொடி நினைத்துக்கொள்வோம். பிறகு அளவுகோலை அழுத்திப் பிடித்துக் கோட்டை நேராக வரைவோம்.