கற்பிக்கத் திரும்பி வந்தவர்: கலாநிதி ராஜினி திராணகம

பல்கலைக்கழகத்துக்குப் போவது நம் வன்னிப் பிள்ளைகளுக்கு இப்போது எட்டாத கனவல்ல. வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டு தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இயங்குகின்றன. அங்கே விரிவுரை மண்டபத்தில் அமர்ந்து கேட்பவர்களில் பெண்பிள்ளைகள் நிறையப் பேர். அந்த மண்டபத்தின் முன்னால் நின்று கற்பிக்கும் இடத்துக்கும் நாம் போகலாம் என்ற எண்ணம் நம்மில் எத்தனை பேருக்கு வருகிறது? அந்த இடத்தில் நின்ற ஒருவரின் வாழ்க்கையை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ராஜினி 1954 பெப்ரவரி 23ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பம். தந்தை இராஜசிங்கம் கணித ஆசிரியர். வீட்டில் நான்கு பெண்பிள்ளைகள், ராஜினி இரண்டாமவர். நாலும் பெண்ணாயிற்றே என்று அந்த வீட்டில் படிப்பைச் சுருக்கவில்லை. சுண்டிக்குளி மகளிர் கல்லூரியில் படித்த ராஜினி, 1973இல் கொழும்பில் மருத்துவ மாணவியானார்.

அங்கே படிக்கும் காலத்தில் மாணவர் இயக்கங்களில் ஈடுபட்டார். களனியில் மாணவர் தலைவராக இருந்த தயாபால திராணகமவை 1977இல் மணம் முடித்தார். தயாபால தென்னிலங்கையின் ஏழைக் கிராமக் குடும்பத்தில் பிறந்த சிங்களவர். இன வேறுபாடு கூர்மையாகிக்கொண்டிருந்த அந்த நாட்களில் இது எளிதான முடிவல்ல. நர்மதா, சாரிகா என இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தனர்.

வைத்தியராகச் சிறிது காலம் பணியாற்றிய பின், 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் விரிவுரையாளரானார். அந்த மருத்துவ பீடம் ஆரம்பித்து அப்போது இரண்டு வருடங்களே ஆகியிருந்தன. மருத்துவ மாணவர்கள் முதலில் படிக்கும் பாடங்களில் ஒன்று உடற்கூற்றியல். எலும்பு, தசை, நரம்பு என்று மனித உடலை உள்ளபடி அறிந்த பிறகுதான் நோயைப் பற்றிப் படிக்க முடியும். அத்திவாரம் போன்ற அந்தப் பாடத்தை, இருபத்தாறு வயதில், கைக்குழந்தை உள்ள ஒரு தாய் கற்பித்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அக்கால இளைஞர் பலரைப் போல அவரும் தமிழர் உரிமைப் போராட்டத்தின்பால் ஈர்க்கப்பட்டார். காயப்பட்ட போராளிகளுக்கு மருத்துவம் செய்தார். விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கு ஆதரவாகச் சில காலம் செயற்பட்டார். 1983இல் பொதுநலவாயப் புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குச் சென்று, உடற்கூற்றியலில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தார். அங்கிருந்த காலத்தில், ஆயுதம் ஏந்தியவர்கள் சொந்த மக்களுக்கே தீங்கு செய்வதைக் கண்டு அந்த ஆதரவைக் கைவிட்டார். தான் நம்பியது பிழை என்று தெரிந்ததும் அதை ஒப்புக்கொள்ளும் துணிவு அவருக்கு இருந்தது.

படிப்பு முடிந்ததும் என்ன செய்வது? படித்தவர்கள் பலர் நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. மருத்துவ பீடத்தில் ஆசிரியர் பற்றாக்குறை. இங்கிலாந்தில் பாதுகாப்பாக இருந்திருக்கலாம். ராஜினி பிள்ளைகளுடன் யாழ்ப்பாணம் திரும்பினார். உடற்கூற்றியல் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றார்.

1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள்ளேயே நோயாளரும் ஊழியரும் கொல்லப்பட்டனர். பல்கலைக்கழகமும் சேதமடைந்தது. அதை மீண்டும் திறந்து வகுப்புகளை நடத்த வேண்டும் என்று பாடுபட்ட ஆசிரியர்களில் ராஜினி முன்னணியில் நின்றார். பல்கலைக்கழகம் மூடினால் பிள்ளைகளின் எதிர்காலமும் மூடிவிடும் என்பது அவருடைய எண்ணம்.

1988இல் சக விரிவுரையாளர்களுடன் சேர்ந்து மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பை உருவாக்கினார். வீடு வீடாகச் சென்று, போரில் பாதிக்கப்பட்ட பெண்களின் துயரங்களைக் கேட்டு எழுதினார். ஆண்கள் கேட்டால் சொல்ல முடியாதவற்றை அந்தப் பெண்கள் அவரிடம் சொன்னார்கள். ஆசிரியர் கூட்டத்தில் ஒரு பெண் இருப்பதனால் என்ன வேறுபாடு என்று கேட்பவர்களுக்கு இது ஒரு விடை. ஆதரவற்ற பெண்களுக்கான பூரணி நிலையத்தின் பணிகளிலும் அவர் பங்கெடுத்தார். இராணுவம், இயக்கங்கள் என எந்தத் தரப்பு செய்த கொடுமையையும் அவர் மறைக்கவில்லை. மற்றும் மூவருடன் சேர்ந்து எழுதிய முறிந்த பனை என்ற நூலில் அவை பதிவாகின.

1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, பல்கலைக்கழகத்தில் வேலை முடிந்து துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 35. புலிகளே இதைச் செய்தனர் என்பது அவருடைய குடும்பத்தாரும் சக ஆசிரியர்களும் சொல்லி வருவது. இதற்காக எவருக்கும் தண்டனை வழங்கப்படவில்லை.

அடுத்த வருடம், 1990 ஒக்டோபரில், வடக்கு முஸ்லிம்கள் தங்கள் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். நம்மில் பலருடைய வாப்பாவும் உம்மாவும் புத்தளத்து முகாம்களில் வளர்ந்தவர்கள். தாயை இழந்தபோது சிறுமியாக இருந்த சாரிகா பிற்காலத்தில் மானிடவியல் படித்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையானார். போர் பற்றி 2011இல் அவர் வெளியிட்ட நூலில், புத்தளத்தில் வாழ்ந்த வடக்கு முஸ்லிம்களின் இடம்பெயர்வை விரிவாக எழுதியுள்ளார். தாய் விட்ட இடத்திலிருந்து மகள் தொடர்ந்தார். அதில் நம் கதையும் இருக்கிறது.

ராஜினி கற்பித்த அதே மருத்துவ பீடத்தைச் சேர்ந்த பேராசிரியை வசந்தி அரசரத்தினம், 2011இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பெண் துணைவேந்தரானார். ஆனால் இந்தப் பாதை தானாகத் திறப்பதில்லை. பட்டம் பெற்ற பின்னும் முதுமாணி, கலாநிதி என்று பல வருடங்கள் படிக்க வேண்டும். பெரும்பாலும் திருமணப் பேச்சு வரும் வயதும் அதுதான். நம் பெண்களில் பலர் நிற்பது அந்த இடத்தில்தான்.

பெற்றோரே, உங்கள் மகள் பட்டம் பெற்று வீட்டுக்கு வரும் நாளில், இன்னும் படிக்கப் போகிறாயா என்று ஒரு தடவை கேளுங்கள். தோழிகளே, அந்தக் கேள்வி வரும்போது பதிலை ஆயத்தமாக வைத்திருங்கள்.