பாசுரம் தேடிச் சென்ற ஸ்ரீமந் நாதமுனிகள்

வைணவ ஆசாரிய பரம்பரையில் ஆழ்வார்களுக்கு அடுத்துப் போற்றப்படும் திருநாமம் ஸ்ரீமந் நாதமுனிகளுடையது. திருவிழாக் காலங்களில் பெருமாள் திருவீதி எழுந்தருளும்போது முன்னே தமிழ் ஓதிச் செல்லும் கோஷ்டியைச் சேவிக்கும் அன்பர்கள், அத்தமிழ் ஒரு காலத்தில் ஓதுவாரின்றி மறைந்து போயிருந்தது என்றால் எளிதில் நம்பமாட்டார்கள். ஆயினும் குருபரம்பரை நூல்கள் அவ்வாறே கூறுகின்றன. மறைந்தவற்றைத் தேடிப் புறப்பட்ட பெரியவர் கையில் இருந்த அடையாளமோ, பிறர் பாடக் கேட்ட ஒரே ஒரு பதிகந்தான்.

சோழ நாட்டில் வீரநாராயணபுரம் என்னும் தலத்தில், ஈசுவர பட்டரின் திருக்குமாரராய் ஆனி அனுஷத்தில் இவர் திருவவதாரம் செய்தார். இந்நாளில் காட்டுமன்னார்கோயில் என வழங்குவது அவ்வூரே. பெற்றோர் இட்ட பெயர் அரங்கநாதன் என்பது. யோகத்தில் தேர்ந்தமையால் முனிகள் என்ற சிறப்பு வந்து சேர்ந்தது. சம்பிரதாயம் இவருடைய அவதாரத்தை 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வைக்கும். ஆராய்ச்சியாளர் பலர், 9ஆம் நூற்றாண்டின் இறுதியும் 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியும் இவர் காலம் என்பர்.

வீரநாராயணன் என்பது முதற் பராந்தக சோழனுக்கு (907–955) உரிய விருதுப் பெயர். ஊரை ஒட்டிய வீராணம் ஏரியும் அப்பெயரைத் தாங்கியதே. அப்பராந்தகனிடம் மதுரையை இழந்த பாண்டியன் இராசசிம்மன். அவ்விராசசிம்மனுடைய செப்பேடுகள் பொட்டிப்புரத்திற்கு அண்மையிலுள்ள சின்னமனூரில் கிடைத்தவை என்பது இப்பள்ளத்தாக்கினர் நினைவில் வைக்கத்தக்க செய்தி. பாண்டியரின் முன்னோர் மாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையிற் சங்கம் வைத்ததையும் அச்செப்பேடு பேசுகிறது. அந்தப் பாரதம் எங்கே? செப்பேட்டில் அதனைப் பற்றிய செய்தி இருக்கிறது, நூல் இல்லை. நாதமுனிகள் காலத்தில் நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கும் ஏறக்குறைய அதே நிலைதான் நேர்ந்திருந்தது.

இளமையிலேயே நாதமுனிகள் குடும்பத்துடன் வடநாட்டு யாத்திரை மேற்கொண்டு, மதுரா, பிருந்தாவனம் முதலிய தலங்களைச் சேவித்து, யமுனைக் கரையில் கோவர்த்தனத்தை அடுத்து வாழ்ந்து வந்தார். அங்கேயே தங்கிவிட எண்ணியிருக்கவும் கூடும். ஆனால் ஊர்ப் பெருமாளாகிய மன்னனார் கனவில் தோன்றித் திரும்பி வருமாறு நியமித்ததாகக் கூறுவர். மீண்டு வந்தவருக்கு மன்னனார் கோயிலில் கைங்கரியம் வாய்த்தது.

அங்ஙனம் இருக்கும் நாளில் மேல்நாட்டிலிருந்து வைணவர் சிலர் அக்கோயிலுக்கு வந்தனர். அவர்கள் பெயரைக் குருபரம்பரை கூறவில்லை. அவர்கள் சந்நிதியில் நின்று, திருக்குடந்தைப் பெருமானைக் குறித்து நம்மாழ்வார் அருளிய பதிகத்தைப் பாடினார்கள். கேட்ட நாதமுனிகளின் உள்ளம் உருகிற்று. உருக்கத்தோடு நின்றுவிடாமல் அவர் செவி கூர்ந்து கேட்டதே இவ்வரலாற்றின் திருப்பம். பதிகத்தின் நிறைவுப் பாட்டில் மூன்று செய்திகள் பொதிந்திருந்தன: பாடியவர் பெயர், அவருடைய ஊர், இப்பத்தும் ஓர் ஆயிரத்தைச் சேர்ந்தவை என்ற கணக்கு. எஞ்சியவை தெரியுமோ என்று நாதமுனிகள் வினவினார். தாங்கள் அறிந்தது இவ்வளவே என்று அவர்கள் விடையிறுத்தனர். எத்தனையோ பேர் அந்தப் பாட்டைக் கேட்டிருப்பார்கள். பத்துப் போக மற்றவை எங்கே என்று கேட்டவர் இவர் ஒருவரே.

பெயரும் ஊரும் தெரிந்தபின் செல்ல வேண்டிய திசையும் தெரிந்தது. பொருநைக் கரையிலுள்ள திருக்குருகூரை நாடித் தெற்கே நடந்தார். ஆழ்வார் திருநகரி என இன்று வழங்கும் அவ்வூரிலும் திருவாய்மொழியை ஓதுவார் இல்லை. கவிஞர் பிறந்த ஊரிலேயே அவர் பாட்டு இல்லையென்றால் வேறெங்கே தேடுவது! அங்கு மதுரகவியாழ்வாரின் வழிவந்த பராங்குச தாசர் என்னும் பெரியவரைக் கண்டார். ஆயிரம் பாசுரங்களும் மறைந்து நெடுநாளாயின என்றும், நம்மாழ்வாரைப் போற்றி மதுரகவிகள் பாடிய பதினொரு பாசுரங்கள் மாத்திரம் தம்மிடம் இருக்கின்றன என்றும், அவற்றை ஆழ்வார் சந்நிதியில் பன்னீராயிரம் உரு ஓதினால் ஆழ்வார் அருள் கிட்டும் என்றும் அவர் தெரிவித்தார்.

பதினொரு பாசுரம் பன்னீராயிரம் முறை என்றால், பாட்டுக் கணக்கில் 1,32,000 ஆகிறது. ஆசானைத் தேடி வந்தவர்க்கு, ஆசானைப் பற்றி மாணவர் பாடியதே கிடைத்தது. அதையும் இத்தனை முறை ஓதவேண்டும். நாதமுனிகள் சலிக்கவில்லை. திருப்புளியடியில் ஒருமனத்தோடு அமர்ந்து ஓதி முடித்தார். அப்பொழுது நம்மாழ்வார் யோக நிலையில் அவருக்குக் காட்சி தந்து, திருவாய்மொழியோடு மற்றை ஆழ்வார்களின் பிரபந்தங்களையும், அவற்றின் பொருளையும் உபதேசித்தருளினார் என்பது சம்பிரதாயம். ஆயிரம் தேடிச் சென்றவர் நாலாயிரத்தோடு திரும்பினார்.

கிடைத்தது மீண்டும் மறையாதிருக்க என்ன செய்வது என்பது அடுத்த கவலை. வாயால் வாழ்ந்த தமிழ், ஓதுவார் இல்லாமற் போனதால் அழிந்தது. ஆகவே ஓதுவாரை உண்டாக்குவதே முறை எனக் கண்டார். பாசுரங்களை நான்கு பகுதியாகத் தொகுத்தார். இயற்பா ஒழிந்தவற்றிற்குப் பண்ணும் தாளமும் வகுத்து, தம் சகோதரியின் மக்களாகிய கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் பயிற்றினார். நூலாக எழுதி வைப்பதினும் மருமக்களின் குரலில் இருத்துவது மேலென அவர் கருதினார் போலும். திருவரங்கம், ஆழ்வார் திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய தலங்களில் அரையர் சேவை செய்வோர் நாதமுனிகளின் அவ்வழியையே தமக்கு மூலமாகக் கொள்வர். மார்கழி அத்யயன உற்சவத்தில் பகல்பத்து சேர்ந்ததும் அவர் காலத்தில் என்பர். 11ஆம் நூற்றாண்டில், முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, கோயிலில் திருவாய்மொழி ஓதுவார்க்கு நெல் அளந்ததைக் குறிக்கிறது. ஏறத்தாழ நூறாண்டில் அத்தமிழ் கோயிற் செலவுக் கணக்கில் ஏறும் அளவுக்கு வேரூன்றிவிட்டது.

இசையில் நாதமுனிகளின் நுண்மையைப் பற்றிக் கதை ஒன்று உண்டு. நாலாயிரம் தாளங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்து, ஒவ்வொன்றின் ஓசையைக் கொண்டே அதன் எடையைக் கூறினார் என்பர். எண்ணிக்கை பக்தியின் பெருக்கமாக இருக்கலாம். ஆனால் மன்னனார் சந்நிதியில் ஒரு நிறைவுப் பாட்டின் சொல்லைத் தவறவிடாத செவிக்கு இக்கதை பொருந்தாததன்று.

அவருடைய சீடருள் உய்யக்கொண்டாரும் குருகைக் காவலப்பனும் தலையாயவர்கள். யோகம் கற்கிறீரா என ஆசாரியர் கேட்டபோது, உலகத்தார் துன்புற்றிருக்கத் தாம் தனியே இன்புறுவது தகாது என்று உய்யக்கொண்டார் மறுத்துப் பிரபந்தத்தையே பெற்றுக்கொண்டார். காவலப்பன் யோகத்தைப் பெற்றார். திருக்குமாரர் ஈசுவரமுனிக்குப் பிறக்கும் பிள்ளைக்கு யமுனைத் துறைவன் எனப் பெயரிடுமாறு நாதமுனிகள் பணித்திருந்தார். வடநாட்டு யமுனைக் கரை அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. அப்பிள்ளையே பிற்காலத்தில் ஆளவந்தார்.

வேட்டையாடிய அரசனும் தேவியரும் தம் இல்லத்தருகே சென்றதை அறிந்து, கண்ணனும் ஆய்ச்சியருமே வந்தனர் என மயங்கி, அடிச்சுவட்டைத் தொடர்ந்து ஓடி வழியிலேயே நாதமுனிகள் பரமபதித்தார் என்பது வரலாறு. அவ்வரசனைக் கங்கைகொண்ட சோழபுரத்தோடு இணைத்துக் கூறுவர். அந்நகரை அமைத்தவனோ பின்வந்த இராசேந்திரன். எழுதியவர்கள் தம் காலத்து ஊர்ப்பெயரையே வழங்கினர் எனக் கொள்ளலாம்.

நாதமுனிகள் தாமும் வடமொழியில் நியாய தத்துவம், யோக ரகசியம் என இரு நூல்கள் இயற்றினார். பிறர் பாட்டை அழியாமல் மீட்டவருடைய சொந்த நூல்கள் இன்று இல்லை. நியாய தத்துவத்தின் சில பகுதிகள், வேதாந்த தேசிகர் முதலியோர் எடுத்தாண்டமையால் மட்டும் எஞ்சியுள்ளன. யோகத்தின் கதி இன்னும் இரங்கத்தக்கது. பாட்டனாரின் யோகத்தைக் கற்கக் காவலப்பனை நாடி ஆளவந்தார் சென்றார். தாம் உலகை நீங்கும் நாளைக் குறிப்பிட்டு, அதற்குமுன் வருமாறு காவலப்பன் ஓலை ஒன்று கொடுத்தனுப்பினார். அனந்தபுரத்துப் பெருமாளைச் சேவிக்கச் சென்ற ஆளவந்தார் அங்கே அவ்வோலையை எடுத்துப் பார்த்தார். குறித்த நாள் அன்றைய தினமாகவே இருந்தது.